முதலாவதாக வந்தவள் வாய் திறக்கவில்லை

நேற்று நம் சங்கத்து அறையில், என் வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்து, நான் சொன்னதையெல்லாம் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தீர்கள். எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரிய பாடாகிவிட்டது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். விட்டவன் என்று சொல்வது என் மரியாதைக்காக. உண்மையில் பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது. தலைமை வாத்தியாரின் குடைக்குள் தேயிலைத் தூளை நிரப்பிவைத்தது யார் என்று விசாரித்தார்கள். வகுப்பே என் பக்கம் திரும்பிப் பார்த்தது. அப்படிப்பட்டவன் வாயிலிருந்து வருவதை எஸ்.எஸ்.சி. பாஸ் செய்த மூன்று பேர் எழுதிக்கொள்வதென்றால், அந்த வாத்தியார் இப்போது இருந்தால் குடையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடியிருப்பார்.

எனக்கு இருபத்தெட்டு வயதுதான். ஓய்வு பெறுகிறேன் என்று மாலை கட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள். பூண்டுலோயா பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கும் வேலை கிடைத்திருக்கிறது, அதற்குப் போகிறேன். சங்கத்துக்கும் இனிமேல் படித்தவர்கள்தான் வேண்டும். அது நியாயம். ஆறு வருஷம் முன்பு என்னை எடுத்ததற்கு ஒரே காரணம், ஒரு நாளைக்கு இரண்டு மலை ஏறி இறங்கக் கால் இருந்ததும், எந்த லயத்து வீட்டு வாசலிலும் நின்று பேச வாய் இருந்ததும்தான்.

நம் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். தோட்டத்துப் பள்ளிக்கூடங்களில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிகிறது. அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் டவுனில் கல்லூரி என்கிற பெரிய பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில் சேர வேண்டும். அதற்கு ஒரு எழுத்துப் பரீட்சை, ஒரு நேர்முகம். தோட்டம் தோட்டமாகப் போய்ப் படிக்கக்கூடிய பிள்ளைகளைப் பொறுக்கி, சனிக்கிழமைகளில் கணக்கும் இங்கிலீசும் சொல்லிக்கொடுத்து, கல்லூரி வாசலில் கொண்டுபோய் விடுவதுவரை நம் பொறுப்பு. எந்த மாதம் எதைச் செய்ய வேண்டும் என்பது அலமாரியில் இருக்கும் கோப்பில் ஒழுங்காக எழுதியிருக்கிறது. அதை எழுதியது நான் இல்லை, ஆகவே நம்பலாம். நான் சொல்லப்போவது கோப்பில் இல்லாத ஒன்று. நான் செய்த ஒரு பிழை.

வேலைக்கு வந்த இரண்டாவது வருஷம். தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்தில், மேக்கணக்கு என்று சொல்கிற மேல்பிரிவில், காமாட்சி என்று ஒரு பெண் பிள்ளை இருந்தாள். பன்னிரண்டு வயது ஆகப்போகிறது. அப்பா சுப்பையா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். அம்மா மூக்காயி கொழுந்து எடுக்கிறவர். காமாட்சி கணக்குப் போடுவதைப் பார்த்தால் எனக்கே கோபம் வரும். நான் கரும்பலகையில் கேள்வியை எழுதி முடிக்கும் முன்பே அவள் விடையை எழுதிவிட்டுச் சன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"என்னாடி, அங்க என்ன தெரியுது?" என்பேன்.

"சார் இன்னும் எழுதிக்கிட்டு இருக்கிறது கண்ணாடியில தெரியுதுங்க" என்பாள்.

என்னிடம் வாயடிக்கும் பிள்ளை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் என் பிழையே அதில்தான் இருக்கிறது.

அந்த வருஷம் ஹட்டனில் ஒரு கல்லூரி, தோட்டத்துப் பிள்ளை ஒருவருக்கு விடுதியில் இலவச இடம் தருவதாகச் சொல்லியிருந்தது. ஒரே ஒரு இடம். நம் பக்கத்தில் ஐந்து பிள்ளைகள் பரீட்சை எழுதினார்கள். காமாட்சி முதலாவதாக வந்தாள். இரண்டாவதாக வந்த பிள்ளைக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு லொறி போகலாம். நேர்முகம் வெள்ளிக்கிழமை. அதில் தவறினால், திங்கட்கிழமை அவள் பேரைத் தோட்டத்து வேலையாட்களின் செக்ரோலில் பதிவது என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். கங்காணியும் சரி என்றுவிட்டார். காலைப் பெரட்டில் பேர் கூப்பிட ஆரம்பித்துவிட்டால், கூடையை இறக்கிவைத்துவிட்டுத் திரும்பவும் புத்தகத்தை எடுத்த பிள்ளையை நான் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. நீங்களும் பார்க்கமாட்டீர்கள். ஆகவே வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில்தான் அவள் படிப்பு நின்றுகொண்டிருந்தது.

நேர்முகத்துக்குப் பிள்ளைகளைத் தயார் செய்ய நான் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். டவுனில் தையல் கடை வைத்திருக்கிற நானாவிடம் போய், தைக்கக் கொடுத்திருந்த யாரோ ஒரு கனவானின் கோட்டை இரண்டு மணி நேரத்துக்கு வாங்கிவருவேன்.

"கையத் தூக்காத தம்பி, கக்கத்துல இன்னும் தையல் போடல்ல" என்று சொல்லித்தான் நானா தருவார்.

அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கையைத் தூக்காமல், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கல்லூரி அதிபர் மாதிரி கேள்வி கேட்பேன். பேர் என்ன, அப்பா பேர் என்ன, எங்கே பிறந்தாய், ஏன் படிக்க விரும்புகிறாய். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே பதில் சொல்வார்கள். காமாட்சி எல்லாரையும்விட நன்றாகச் சொல்வாள். "ஐயா, ஒங்க கோட்டுக்குப் பொத்தான் இல்லையே, எந்தக் காலேஜுல படிச்சீங்க" என்று என்னையே திருப்பிக் கேட்பாள்.

பிள்ளைகள் தயார் என்று சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். கோட்டுக்குள் இருப்பது நான் என்று எல்லாப் பிள்ளைக்கும் தெரியும், ஆகவே அது எதற்குமே பயிற்சி இல்லை என்பது என் மண்டையில் ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை காமாட்சியையும் மூக்காயி அக்காவையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் ஹட்டன் போனேன். அக்கா அன்றைய வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். வழியெல்லாம் பேசவில்லை. நான் வழக்கம்போல இரண்டு பேருடைய பங்கையும் சேர்த்துப் பேசினேன். கல்லூரிக்குப் போனதும் அக்கா உள்ளே வரவில்லை. படிக்கட்டுக்குக் கீழே, பூச்சட்டி வைத்திருந்த இடத்தில் நின்றுகொண்டார்.

"நீங்க போங்க தம்பி. நான் இங்கனயே இருக்கேன்."

அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளை வேட்டி, மூடிய கழுத்துக் கோட்டு, மூக்குக்கண்ணாடி. கோட்டில் பொத்தான்கள் எல்லாம் இருந்தன. கெட்டவர் இல்லை. கேள்வி கேட்கும் முன்பு நாற்காலியைக் காட்டினார்.

"இரும் பிள்ளை."

காமாட்சி உட்காரவில்லை. இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெரட்டில் கங்காணிக்கு முன்னால் நிற்பது அப்படித்தான். நாற்காலியில் உட்காரச் சொன்னால் உட்கார வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை. என் பயிற்சியில் நாற்காலி ஒன்றுதான் இருந்தது, அதில் நான் உட்கார்ந்திருந்தேன்.

"உம்மட பேர் என்ன?"

பேச்சில்லை.

அதிபர் மேசைமேல் இருந்த சேர்க்கைப் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துவைத்துப் பேனாவைத் திறந்தார். "சரி, பயப்பிடாதையும். எங்க பிறந்தனீர்? அப்பா எங்க பிறந்தவர்?"

அவள் முதல்முறையாக நிமிர்ந்து பேனாவைப் பார்த்தாள். பிறகு தெளிவாகச் சொன்னாள். "தெரியாதுங்க."

"அப்பாவின்ர பேர்?"

"தெரியாதுங்க."

"தகப்பன்ர பேரும் தெரியாதோ?"

"தெரியாதுங்க."

நான் பதறிவிட்டேன். அங்கேதான் இரண்டாவது பிழை. "ஐயா, அவ அப்பா பேரு சுப்பையாங்க, மேக்கணக்குல கவ்வாத்து..." என்று ஆரம்பித்தேன்.

"நான் உம்மட்டக் கேக்கேல்லை" என்றார் அதிபர், என்னைப் பார்க்காமலே. ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் அவள் பக்கம் நகர்த்தினார். "கதைக்க வேண்டாம் பிள்ளை. உம்மட பேரை மட்டும் இதில எழுதும்."

அவள் பென்சிலைத் தொடவில்லை. கையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

அதிபர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பக்கத்திலிருந்த பரீட்சைத் தாளை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"பரீட்சையில இதுதான் முதலாவது. அந்தப் பரீட்சையைத் தோட்டத்தில வச்சு நடத்தினது நீர். இந்தப் பிள்ளை தன்ர பேரை எழுதுதில்லை. அப்ப இதை எழுதினது ஆர்?"

கோபத்தில் இரண்டு வார்த்தை வந்தது, விழுங்கினேன். அவர் கேட்டதில் பிழை இல்லை. என் கண்ணால் பார்த்ததை மறந்துவிட்டு அவர் இடத்தில் உட்கார்ந்திருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன். அடுத்த பிள்ளை பன்னிரண்டு மணிக்கு வரப்போகிறது. சுவரில் மணி பதினொன்றேகால்.

தம்பிமார்களே, தங்கச்சி, இந்த மாதிரி நேரத்தில் நமக்குத் தோன்றும் முதல் புத்தி, பிள்ளையை அதட்டுவது. இரண்டாவது புத்தி, பிள்ளைக்காக நாமே பேசுவது. இரண்டாவதைச் செய்து பார்த்தாகிவிட்டது. முதலாவதைச் செய்ய வாயைத் திறந்தேன். அப்போதுதான் அவள் கைகளைப் பார்த்தேன். கட்டியிருந்த கையின் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. கேள்வி புரியாத பிள்ளையின் கை அப்படி இருக்காது. இவளுக்குப் பதில் தெரியும், சொல்லக்கூடாது என்று பிடித்துவைத்திருக்கிறாள் என்று அந்த விரல்தான் எனக்குச் சொன்னது.

"ஐயா, அவங்கம்மா வெளிய நிக்கிறாங்க. கால்மணி நேரம் தாங்க" என்றேன்.

"பன்னிரண்டு மணி வரைக்கும் இருக்கு" என்றார் அவர்.

வெளியே வந்து மூக்காயி அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். அக்கா ஆச்சரியப்படவில்லை. முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"அது சொல்லாது தம்பி."

"ஏங்கக்கா? என்கிட்ட என்னா வாய் பேசுது."

"நீங்க நம்ம ஆளு. அவரு எழுதுறாருல்ல."

பிறகு சொன்னார். இந்த நாட்டுப் பிரஜாவுரிமைக்கு அவர்கள் மனுப் போட்டிருந்த காலம். காமாட்சிக்கு அப்போது ஐந்து வயது. விசாரிக்க ஒரு உத்தியோகத்தர் லயத்துக்கு வந்தார். பெரியவர்களிடம் கேட்டு எழுதிவிட்டு, போகும்போது வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையிடம் சும்மா பேச்சுக் கொடுத்திருக்கிறார். ஒன் தாத்தா எங்கே என்று. பிள்ளை குஷியாகச் சொல்லியிருக்கிறது, தாத்தா ஊருல இருக்காரு, நாங்களும் ஒரு நாளைக்கு ஊருக்கே போயிருவோம் என்று. ஊர் என்றால் கடலுக்கு அந்தப் பக்கம், திருச்சிப் பக்கம். இங்கேயே நிரந்தரமாக இருக்கப்போகிறோம் என்று மனுவில் எழுதிக் கொடுத்திருந்தவர்களின் பிள்ளை அப்படிச் சொன்னது. சில மாதம் கழித்து பிரஜாவுரிமை இல்லை என்று மனு திரும்பிவந்தது.

"அது சொன்னதாலதான் போச்சா?" என்றேன்.

"யாருக்குத் தெரியும். கடுதாசியில ஒண்ணும் அப்படிப் போடலையாம். நாங்கதான் அப்படி நெனச்சுக்கிட்டோம். அன்னிக்கி அத நான் அடிச்சேன் தம்பி. இனிமே காகிதமும் பேனாவுமா எவன் வந்து என்ன கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லு, எதுலயும் பேரு எழுதாதன்னு சொல்லிச் சொல்லி அடிச்சேன். அதுக்கப்பறம் எழுத வர்றவங்க யார்கிட்டயும் அது வாயத் தொறந்ததில்ல."

வீடு வீடாகப் போய், சோறு இருக்கிறதா, புத்தகம் இருக்கிறதா, விளக்கு இருக்கிறதா என்று பட்டியல் எழுதியவன் நான். இதைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அந்த லயத்தில் பாதி வீட்டில் இதே பாடம் நடந்திருக்கும். பாடம் நடந்த இடத்துக்குப் போகாமல், நான் கோட்டுப் போட்டுக்கொண்டு கூத்தாடியிருக்கிறேன்.

"அக்கா, இது காலேஜு. அது வேற, இது வேற. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க, அது பேசும்."

மூக்காயி அக்கா என்னை நேராகப் பார்த்தார். "இப்ப அவரு எழுதுற பாரக் காகிதம் எங்க போகும்?"

எந்த லயத்திலும் பதிலுக்குப் பதில் பேசுகிறவன் நான். இதற்கும் ஒரு பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. எங்கேயும் போகாது அக்கா, நான் இருக்கேன், பயப்படாதீங்க. இதே வார்த்தையை வேறு வேறு விஷயத்துக்கு வேறு வேறு வாசலில் பத்து தடவை சொல்லியிருக்கிறேன். சொன்னால் அக்கா உள்ளே வந்திருப்பார். பிள்ளை பேசியிருக்கும். இடமும் கிடைத்திருக்கும். பிறகு எப்போதாவது அந்தப் படிவம் எங்கேயாவது போய், ஏதாவது ஒன்று நடந்திருந்தால், அந்தப் பிள்ளை இரண்டாவது தடவையும் தன்னால்தான் எல்லாம் போனது என்று நினைத்திருக்கும்.

"எனக்குத் தெரியாதுக்கா" என்றேன்.

"தெரியாமத்தான் கூட்டிக்கிட்டு வந்தீங்களா?"

"ஆமாங்கக்கா."

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் லேசாக இருந்திருக்கும். "போய்க் கேட்டுட்டு வாங்க" என்றார்.

உள்ளே போனேன். காமாட்சி அதே இடத்தில் அதேபோல நின்றுகொண்டிருந்தாள். அதிபர் ஏதோ கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். நான் மூக்காயி அக்கா சொன்னதைச் சுருக்கமாகச் சொன்னேன். பிறகு கேட்டேன். "இந்தப் படிவம் எங்க போகும்ங்க, ஐயா?"

அதிபருக்கு முதலில் எரிச்சல் வந்தது. எட்டாம் வகுப்புக்காரன் அவருடைய கல்லூரியைக் கணக்குக் கேட்கிறான் அல்லவா. பேனாவை மூடினார். பிறகு எரிச்சல் இறங்கி, யோசிக்க ஆரம்பித்தார். அவருக்கும் இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

"இந்த அலுமாரிக்குள்ள இருக்கும்" என்று பின்னால் இருந்த அலமாரியைக் காட்டினார். "வேற எங்கயும் நாங்கள் அனுப்பிறதில்லை."

"யாராவது வந்து கேட்டா?"

அலமாரியை இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தார். "அரசாங்கத்தில இருந்து எழுத்தில கேட்டா, நான் காட்டத்தான் வேணும். இல்லை எண்டு நான் பொய் சொல்லேலாது."

"அப்பா பிறந்த இடம் கட்டாயம் எழுதணுங்களா?"

படிவத்தை எடுத்து ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்தார். "பிள்ளை பிறந்த இடம் வேணும். தகப்பன் பிறந்த இடம்..." என்று நிறுத்தினார். "அது அச்சில இருக்கு. அதால கேக்கிறனான். வெறுமையா விட்டாலும் நான் சேர்ப்பன்."

இரண்டு விஷயம் கிடைத்தது. ஒன்று நல்லது, ஒன்று அவ்வளவு நல்லது இல்லை. நல்லதை மட்டும் கொண்டுபோகலாம் என்று படியிறங்கும்போது ஒரு நினைப்பு வந்ததை உங்களிடம் மறைக்கமாட்டேன். எட்டுப் படி இருந்தது. ஏழாவது படியில்தான் அந்த நினைப்பை விட்டேன். இரண்டையும் அப்படியே மூக்காயி அக்காவிடம் சொன்னேன். அலமாரியில் இருக்கும், எழுதிக் கேட்டால் காட்டுவார், இல்லை என்று பொய் சொல்லமாட்டாராம், அப்பா பிறந்த இடத்தை விட்டுவிடலாம்.

அக்கா படிக்கட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். மணி பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம். வாசலில் இன்னொரு பிள்ளையும் அப்பாவும் வந்து நின்றார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். என் வாழ்க்கையிலேயே அதுதான் கஷ்டமான வேலை.

"காட்ட வேண்டி வந்தா காட்டுவேன்னு அவரே சொன்னாரா?"

"அவரே சொன்னாரு."

"காட்டமாட்டேன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருக்கமாட்டேன்" என்றார் அக்கா. செருப்பில்லாத காலைப் படியில் துடைத்துவிட்டு மேலே ஏறினார்.

அறைக்குள் வந்ததும் அதிபரைக் கும்பிட்டார். பிறகு அவரைப் பார்க்காமல், பிள்ளையின் முன்னால் போய்க் குனிந்து நின்றார்.

"ஏ புள்ள. இங்க பாரு. நீ சொன்னதால ஒண்ணும் போகல."

காமாட்சி நிமிரவில்லை.

"சின்னப் புள்ள வாயில வந்தத சொன்ன. அது ஒந்தப்பு இல்ல. எனக்கு அன்னிக்கி பயம். அந்தப் பயத்த ஒம் முதுகுல போட்டு அடிச்சுப்புட்டேன். கேக்குதா? இப்ப நான் இங்க நிக்கிறேன். என்னா வந்தாலும் என்னயக் கேக்கட்டும். நீ சொல்லு."

அந்தப் பிள்ளை அழும் என்று நினைத்தேன். அழவில்லை. மெதுவாகக் கையை அவிழ்த்தாள். மரத்துப்போயிருந்திருக்க வேண்டும், விரல்களை இரண்டு தடவை மடக்கி விரித்தாள். பிறகு நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். யாரும் இரண்டாவது தடவை சொல்லவில்லை.

அதிபர் கேள்வி கேட்கவில்லை. படிவத்தை அவள் பக்கம் திருப்பி, தன் பேனாவையே கொடுத்தார். "நீரே நிரப்பும் பிள்ளை."

பேரை எழுதினாள். தோட்டத்துப் பேரை எழுதினாள். பிறந்த இடத்தில் மேக்கணக்கு, ஏழாம் நம்பர் லயம் என்று எழுதினாள். அடுத்த வரியில் பேனா நின்றது. அம்மாவைப் பார்த்தாள்.

"அத விட்டுறலாம்னு ஐயா சொன்னாராம்" என்றார் மூக்காயி அக்கா. கொஞ்சம் நிறுத்தினார். "எழுது. ஒங்கப்பா என்னா திருட்டுத்தனமாவா பொறந்தாரு. முசிறின்னு எழுது."

எழுதினாள். அதிபர் படிவத்தை வாங்கிப் பரீட்சைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். காமாட்சியின் எழுத்து எப்போதும் காற்றில் சாய்ந்த புல் மாதிரி வலப்பக்கம் சாய்ந்திருக்கும். அந்த மாதிரி எழுதுகிற பிள்ளை வேறொன்று எங்கள் பக்கத்தில் இல்லை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நான் உம்மைச் சந்தேகப்பட்டிட்டன்."

"என்னைய யாரு பாத்தாலும் அப்படித்தாங்க ஐயா தோணும்" என்றேன். மூக்காயி அக்கா முதல்முறையாகச் சிரித்தார்.

அதிபர் பிள்ளையைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "விடுதியில அம்மா இருக்க மாட்டா. அழுவீரோ?"

"அழுவேங்க" என்றாள் காமாட்சி. யோசித்துவிட்டு, "படிச்சு முடிச்சிட்டு அழுவேங்க" என்றாள்.

அவர் படிவத்தின் அடியில் கையெழுத்துப் போட்டார். மணி பன்னிரண்டு ஐந்து.

அதற்குப் பிறகு நான் கோட்டு வாங்க நானா கடைக்குப் போகவில்லை. இனி நேர்முகத்துக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும்போது, அவர்கள் அதுவரை பார்க்காத ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தபால்காரர், ஸ்டேஷன் மாஸ்டர், யாராக இருந்தாலும் சரி. கையில் பேனாவும் தாளும் இருக்கட்டும். நாற்காலி இரண்டு போடுங்கள். அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கொழுந்தை எடைபோட்டு முடித்துப் பெண்கள் வீடு திரும்பும் நேரமாகப் பார்த்து அம்மாமார்களிடம் போங்கள். படிவம் அச்சில் எப்படி இருக்கிறதோ அப்படியே படித்துக் காட்டுங்கள். அது எங்கே போகும், யார் பார்ப்பார்கள் என்று முதலில் நீங்கள் விசாரித்துக்கொண்டு போங்கள். விசாரித்தும் தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்று சொல்லுங்கள். சில பேர் கதவைச் சாத்துவார்கள். அடுத்த வாரம் போங்கள். உங்கள் எஸ்.எஸ்.சி. சான்றிதழில் இதெல்லாம் எழுதியிருக்காது. என் எட்டாம் வகுப்பிலும் எழுதியிருக்கவில்லை.

அன்றைக்குப் பின்னேரம் தலவாக்கலை பஸ்ஸில் திரும்பி வந்தோம். காமாட்சி சன்னலோரம் உட்கார்ந்து தூங்கிவிட்டாள். விடுதிக்குக் கொண்டுவர வேண்டிய சாமான்களின் பட்டியல் அவள் மடியில் இருந்தது. மூக்காயி அக்கா நடுவில், நான் ஓரத்தில். பாதி வழிவரை அக்கா பேசவில்லை. நானும் பேசவில்லை, அதை யாராவது குறித்துவையுங்கள். பிறகு அக்கா கேட்டார்.

"திங்கக்கெழம பெரட்டுல கங்காணி கேப்பாரு தம்பி. பேரு பதியச் சொன்ன புள்ள எங்கன்னு."

"கேப்பாரு."

"எம்புள்ள காலேஜுக்குப் போகுதுன்னு சொல்லவா?"

"சொல்லுங்கக்கா. வேற என்னா சொல்றது?"

"எம்புள்ள காலேஜுக்குப் போகுது" என்றார் அக்கா, கொஞ்சம் சத்தமாக. முன் ஆசனத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அக்கா அவரைக் கவனிக்கவில்லை.

"என்னாங்கக்கா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல தம்பி. சொல்ல வருதான்னு பாத்தேன்."